இரண்டாவது லைன்

எனக்கு என் சகலை மேல் பொறாமை உண்டு. அதை மறைத்து எழுத எனக்கு வராது.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன். நான் மூத்த மாப்பிள்ளை. இரண்டு பேருமே கேபிள்காரர்கள். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், ஈ.சி.ஆர். ரோட்டு மேலேயே எங்கள் ஊர். ரோட்டுக்கு மேற்கே கால்வாய் வரைக்கும் என் ஏரியா. கிழக்கே கடல் வரைக்கும் அவன் ஏரியா. எங்கள் தொழிலில் ஏரியா என்றால் ஏரியாதான். அவன் பக்கம் என் ஒயர் போகாது. என் பக்கம் அவன் ஒயர் வராது. இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் தாண்டினால் அடிதடி.

எங்களுக்கு முன்னால் இந்த ஊர் முழுக்க ஒரே முதலாளி. நாங்கள் அவரிடம் ஒயர் இழுத்தவர்கள். நான் செங்கல்பட்டுப் பக்கத்து ஊரிலிருந்து இந்த வேலைக்கு வந்தவன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. முதலாளிக்கு முடியாமல் போய் மகன் வீட்டோடு சென்னைக்குப் போனார். போகும்போது ஏரியாவை எங்களிடம் விட்டார். மூத்தவன் நீ முதலில் எடு என்றார். நான் மேற்கை எடுத்தேன்.

மேற்கில் வீட்டோடு வீடு ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு டிவி. கிழக்கில் என்ன இருந்தது? சவுக்குத் தோப்பு, மீன்பிடிக்கிற குப்பம், சனி ஞாயிறு மட்டும் திறக்கிற நாலு பங்களா. எங்கள் மாமனாரின் தென்னந்தோப்பு. அவ்வளவுதான். அன்றைக்கு சகலை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். நான் பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. நானே பார்த்து எடுத்தது. அதனால்தான் இன்றைக்கும் எரிகிறது.

ஜனங்கள் டிவியை விட்டு ஃபோனுக்குப் போனார்கள். மேற்கில் ஒவ்வொரு வீடாகக் கேபிளை நிறுத்தினார்கள். நான் கடன்பட்டு ஃபைபர் இழுத்து இன்டர்நெட் கொடுத்தேன். கண்ணாடி நூல் மாதிரி ஒரு கம்பி, அதற்குள் வெளிச்சம் ஓடும், அந்த வெளிச்சம்தான் இன்டர்நெட். மேற்கில் ஒரு வீட்டில் கனெக்‌ஷன் வாங்கினால் பக்கத்து மூன்று வீடும் அதன் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒரு வீட்டில் மோடம் கெட்டால் நாலு வீட்டுக்காரர்களும் எனக்கு ஃபோன் போடுவார்கள்.

கிழக்கில் கதை வேறு. கொரோனா வந்தது. ஐ.டி.யில் வேலை செய்கிறவர்கள் பங்களாக்களில் வந்து உட்கார்ந்தார்கள். கடலைப் பார்த்துக்கொண்டு கம்ப்யூட்டர் தட்டலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கொரோனா போனது. அவர்களில் பாதிப் பேர் போகவில்லை. சவுக்கை வெட்டிப் புது வீடுகள் வந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் இருப்பதிலேயே பெரிய பிளான். காசு கேட்க வேண்டாம், ஒன்றாம் தேதி தானாக வந்து விழும். சகலையை அவர்கள் ப்ரோ என்று கூப்பிட்டார்கள். காபி கொடுத்தார்கள். என்னை மேற்கில் கேபிள் என்றுதான் கூப்பிடுவார்கள். "ஏ கேபிளு, இன்னா படமே வரல?"

சகலை வெள்ளைக் கார் வாங்கினான். அவன் சந்தில் கார் நுழையாது. என் வீட்டு வேப்பமரத்து நிழலில் கொண்டுவந்து நிறுத்துவான். தினமும் காலையில் கதவைத் திறந்தால் அதுதான் முதலில் தெரியும். அதன் மேல் காக்காய் எச்சம் போட்டிருந்தால் எனக்கு அன்றைக்கு நாஸ்தா நன்றாக இறங்கும்.

கம்பெனி வந்தது அதற்கப்புறம்.

கடற்கரையில் மாமனார் தோப்புக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம் உண்டு. முன்னே அங்கே தொட்டி கட்டி இறால் குஞ்சு பொரித்து விற்றார்கள். நோய் வந்து குஞ்செல்லாம் செத்துப்போய் மூடிவிட்டார்கள். ரொம்ப நாள் பூட்டிக் கிடந்தது. அதை வாடகைக்கு எடுத்து, தொட்டிகளை இடித்து, கண்ணாடி போட்டு, ஏ.சி. வைத்து ஒரு ஐ.டி. ஆபீஸ் ஆக்கினார்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு இங்கே உட்கார்ந்து பில் போடுகிற வேலை. முன்னே இந்த வேலைக்குச் சென்னை வரைக்கும் போக வேண்டும். செங்கல்பட்டிலிருந்து விடியற்காலை மின்சார ரயில் பிடித்துப் போகிற பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். இப்போது முதலாளிகளுக்குப் புத்தி மாறிவிட்டது. பட்டணத்தில் வாடகை எகிறிவிட்டது, ஆளும் நிற்பதில்லை. அதனால் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கே கடையைக் கொண்டுவந்து போடுகிறார்கள். திருக்கழுக்குன்றம், திருப்போரூர், செங்கல்பட்டு என்று சுற்று வட்டாரமெல்லாம் ஸ்கூட்டியில் அங்கே வந்து இறங்கியது. ஐ.டி. ஆபீஸ் ஆனபிறகும் ஊரில் அதற்கு இறால் கம்பெனி என்றுதான் பேர்.

அது கிழக்கு. அவன் ஏரியா. ஒரே வாடிக்கையில் என் மேற்குத் தெரு அத்தனையும் சேர்த்தாலும் வராத வருமானம். நான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. நான் பொதுவாகவே பேசாதவன் என்பதால் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் சகலை வந்தான். காரை நிறுத்திவிட்டு நேராக உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"அண்ணாத்த, அவுங்களுக்கு ரெண்டு லைனு வோணுமாம். ஒரே ஆளுகிட்ட ரெண்டும் வாங்க மாட்டாங்களாம். உன் பேர சொல்லிட்டேன்."

"இன்னாத்துக்கு ரெண்டு?"

"என்து புட்டுக்கினா உன்து ஓடும்."

"புட்டுக்கலன்னா?"

"சும்மா கெடக்கும். சும்மா கெடக்கறதுக்கு டப்பு குடுக்கறான் அண்ணாத்த. வோணாமா?"

வேண்டாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. மேற்கில் அந்த மாதம் மட்டும் நிறைய வீடுகள் போயிருந்தன. சரி என்றேன். என் பிழைப்புக்கு வந்த ஒரே நல்ல வாய்ப்பு அவன் வாயிலிருந்து வந்தது.

ஒயர் இழுத்தது ஒரே நாள் வேலை. அவன் லைன் ரோட்டிலிருந்து மாமனார் தோப்பு வழியாக, தென்னைக்குத் தென்னை கட்டி, இறால் கம்பெனிக்குப் போயிருந்தது. உன் லைனையும் இப்படியே கட்டிவிடு என்றான். மாமனார் தோப்பு. அங்கே நம்மைக் கேட்பவர் யார்? வெளி மரத்தில் கட்டினால் ஆள் வருவான், காசு கேட்பான். எங்கள் இரண்டு பேருக்கும் அது நியாயமாகத்தான் தெரிந்தது. ரோட்டைத் தாண்டி என் லைனைக் கொண்டுபோய் அவன் லைன் பக்கத்திலேயே கட்டினேன். மாமனார் இளநீர் வெட்டிக் கொடுத்தார். இரண்டு மாப்பிள்ளைகளும் ஒற்றுமையாக ஒரே மரத்தில் வேலை செய்கிறார்கள் என்று அவருக்கு சந்தோஷம்.

கம்பெனிக்குள் ஒரு சின்ன அறையில் எங்கள் இரண்டு பேருடைய பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். லைன் ஓடினால் பச்சை விளக்கு சிமிட்டும். அவன் பெட்டி நிற்காமல் சிமிட்டிக்கொண்டே இருக்கும். என் பெட்டி சும்மா ஒரே பச்சையாக நிற்கும். அதிலும் எனக்குப் பொறாமை. ஒரு விளக்கு மேல் ஒரு மனுஷன் பொறாமைப்படுவானா என்றால், படுவான்.

காற்று அடித்தால் அவன் லைன் அறுந்திருக்கும் என்று நினைப்பேன். லாரி போனால் நினைப்பேன். அறுவதில்லை. என் மனைவிக்கு எல்லாம் தெரியும். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அவுரு லைனு அறுந்தா உனுக்கு சந்தோசம். அறுவலன்னா வயித்தெரிச்சல். இதுவும் ஒரு பொயப்பா?"

நான் குழம்பு ஊற்றச் சொன்னேன்.

கம்பெனியில் கம்ப்யூட்டர் லைனையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு பெண் புதிதாக வந்தாள். கல்பாக்கத்துப் பெண். அவள் அப்பாவுக்கு அங்கே அணுமின் நிலையத்தில் வேலை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, இரண்டு லைனும் எந்த வழியாக வருகிறது என்று நடந்து காட்டச் சொன்னாள். அதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. காட்டினேன். தோப்பின் முன்பக்கத்தில் ஒரு வளைந்த தென்னையடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இது யாரோடதுண்ணா?"

"சகலையோடது."

"அது?"

"என்து."

"மரம்?"

"எங்க மாமனாருது."

இரண்டு ஒயரையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"அப்ப நாங்க ரெண்டு லைனுக்குக் காசு குடுக்கலண்ணா. ஒரு தென்னமரத்துக்குக் குடுத்துட்டு இருக்கோம்."

கோபமாகச் சொல்லவில்லை. அவள் அப்பா வேலை செய்கிற இடத்தில் எதற்கும் இரண்டு வழி இருக்குமாம், ஒன்று இன்னொன்றைத் தொடாதாம். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவளாம். இரண்டு வழி என்றால் இரண்டு ஆள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவளுக்கு ஆள் முக்கியமில்லை. வழிதான் முக்கியம்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஏதாவது ஒரு லைன் வேறு வழியாக வர வேண்டும் என்றாள். வராவிட்டால் இரண்டாவது லைனை நிறுத்திவிடுவார்களாம். இரண்டாவது லைன் என்றால் நான். எது உறுதியாக நிற்கிறதோ அதை முதல் லைன் ஆக்குவேன் என்றும் சொன்னாள். இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். என் காதில் அது மட்டும்தான் விழுந்தது.

சகலையிடம் சொன்னேன். முதல் லைன் ஆக்குவாள் என்பதைச் சொல்லவில்லை. நீதானே ரெண்டாவது, நீயே மாற்றிக்கொள் என்றான். வேறு வழி என்றால் ஒன்றுதான் உண்டு. தெற்கே தள்ளிப் போய், பஸ் ஸ்டாப் பக்கத்தில் ரோட்டைத் தாண்டி, குப்பத்துக்குள் புகுந்து, கடலோரமாகவே திரும்பி வர வேண்டும். சுற்று வழி. குப்பமும் அவன் ஏரியா. அவன் ஒத்துக்கொள்ளாமல் நான் அங்கே ஆணி அடிக்க முடியாது.

அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். சோஃபாவில் படுத்துக்கொண்டு ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தான். சண்டை போடுவான் என்று நினைத்து, என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன்.

"இத்தப் போயி கேட்டுகினு கீறியே. போட்டுக்க அண்ணாத்த. உன் ஏரியா, என் ஏரியான்னு இன்னா கீது நம்மளுக்குள்ள?"

ஃபோனிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கசந்திருக்காது. அள்ளிக் கொடுக்க அவனிடம் இருக்கிறது. கேட்டு நிற்பவனாக நான் இருக்கிறேன்.

குப்பத்தில் பெரியவர்களைப் பார்த்தேன். அவர்கள் லேசில் விடவில்லை. படகை டிராக்டரில் கட்டி மேலே இழுக்கும்போது ஒயர் மாட்டக் கூடாது, உயரமாகப் போக வேண்டும் என்றார்கள். வலை பின்னுகிற கொட்டகைக்கு ஓசியில் ஒரு கனெக்‌ஷன் வேண்டும் என்றார்கள். "நாங்க வல இழுக்கறோம், நீ ஒயர் இழுக்கற. ரெண்டும் சிக்கிக்கினா நாங்க அறுத்துட்டுப் போயினே இருப்போம்" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவர்களைப் பிடித்தது. இல்லை என்பதை இல்லை என்றும் வேண்டும் என்பதை வேண்டும் என்றும் சொன்னார்கள்.

கம்பங்கள் நான் சொந்தமாக நட்டேன். இரும்புக் குழாய். உப்புக் காற்றுக்குத் துரு ஏறாமல் அடிப்பக்கம் தார் பூசினேன். மணலில் குழி தோண்டினால் தோண்டத் தோண்டச் சரிகிறது. டின்னுக்குள் சிமெண்ட் ஊற்றி ஊற்றி நிற்க வைத்தேன். என் மனைவி, இத்தனை மெனக்கெடுவது கம்பெனிக்கா, தங்கை புருஷனுக்கா என்று கேட்டாள். நான் தார் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தோப்பு மரத்திலிருந்து என் லைனை அவிழ்த்து எடுத்த அன்றைக்கு, வளைந்த தென்னையில் அவனுடையது மட்டும் தனியாகத் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு பீடி பிடித்தேன்.

அப்புறம் காத்திருந்தேன். மழை வந்தது. புயல் என்று சொன்னார்கள், திசை மாறிப் போய்விட்டது. அவன் லைன் அப்படியே நின்றது.

அறுந்தது வெயில் அடிக்கிற ஒரு நாளில். அறுத்தவன் அவனேதான்.

மாமனார் தோப்பில் முன்பக்கம் கொஞ்சத்தை ஒரு பில்டருக்குக் கொடுத்திருந்தார். ஐ.டி.காரர்கள் வந்து மாதக் கணக்கில் தங்கி வேலை செய்வதற்குச் சின்னச் சின்னக் குடில் கட்டப்போகிறார்கள். பில்டரைக் கூட்டிக்கொண்டு வந்தது சகலை. அளந்து காட்டியது சகலை. எந்தெந்த மரம் எடுக்கலாம் என்று சுண்ணாம்பு அடித்ததும் அவன்தான். வளைந்த தென்னைக்கும் அடித்தான். அதில் தன் லைன் தொங்குவதை மறந்துவிட்டான். மாமனார் தோப்பில் கட்டின ஒயரை யாராவது ஞாபகம் வைத்திருப்பார்களா? ஜே.சி.பி. வந்து ஒரு தள்ளுத் தள்ளியது. மரமும் லைனும் சேர்ந்து சாய்ந்தன.

எனக்குச் சேதி வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு இறால் கம்பெனிக்குப் போனேன். ரோட்டில் போகும்போதே எனக்குள் பாட்டு ஓடியது. எல்லோரும் வாசலில் வந்து நிற்பார்கள், என்னைப் பார்த்ததும் ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்தேன். வாசலில் யாரும் இல்லை. உள்ளே எல்லோரும் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். கல்பாக்கத்துப் பெண் டப்பாவைத் திறந்து தயிர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

லைன் போனது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும்ணா. உங்கதுக்கு மாறிடுச்சு. யாருக்கும் தெரியல. அதான வேணும்."

அவ்வளவுதான். இத்தனை காலம் காத்திருந்தது வந்தது, வந்ததே யாருக்கும் தெரியவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அவன் பெட்டியில் சிவப்பு. என் பெட்டி சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் டப்பாவைக் கழுவிவிட்டு வந்து, இனிமேல் உங்களுடையதே முதல் லைனாக இருக்கட்டும் என்றாள். சரி என்றேன். 

வெளியே வந்தால் சகலை நிற்கிறான். சட்டையெல்லாம் மண். அந்த மரத்து வழியாகத்தான் அவனுடைய கடலோரப் பங்களாக்கள் எல்லாவற்றுக்கும் லைன் போகிறது. ஃபோன் விடாமல் அடித்தது. ப்ரோ என்று கூப்பிடுகிறவர்கள் அன்றைக்கு வேறு மாதிரி கூப்பிட்டார்கள். மீட்டிங்கில் இருந்தவர்கள், பரீட்சையில் இருந்தவர்கள், எல்லோரும்.

"அண்ணாத்த, ஒரு நூல் குடு. இங்கேர்ந்து இழுத்துக்கறேன். நாளிக்குக் கட்டிட்டு அவுத்துக்கறேன். ஒரே பேஜாரா கீது."

என் லைனுக்குள் சும்மா கிடக்கிற கண்ணாடி நூல்கள் நிறைய உண்டு. ஒன்று கொடுத்தால் அவன் பங்களாக்கள் எல்லாம் பிழைக்கும். கொடுக்காமல் விட்டால் நாளைக்குள் பாதிப் பேர் வேறு ஆளைத் தேடுவார்கள். தொழிலில் வழி கேட்டால் வழி கொடுக்க வேண்டும். குப்பத்து வழியை நான் அவனிடம் கேட்டு வாங்கியவன். அவன் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல் கொடுத்தது ஞாபகம் வந்தது. நான் அவன் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டே கொடுத்தேன்.

நூலோடு நூலை மெஷினில் வைத்து ஒட்டியதும் நான்தான். அவன் ஃபோனில் பங்களாக்காரர்களுக்கு ஸாரி சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சாயங்காலம் கடலோரப் பங்களாக்கள் மொத்தமும் என் வெளிச்சத்தில் ஓடின. விளக்கு வைத்த நேரத்தில் கடற்கரையில் நடந்து போனேன். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு ஆள் கம்ப்யூட்டர் முன்னால். யாருக்கும் என்னைத் தெரியாது. என் தொழிலில் எனக்குக் கிடைத்த நல்ல சாயங்காலம் அது ஒன்றுதான்.

மறுநாள் அவன் வேறு வழியில் கட்டிக்கொண்டான். நூலை அவிழ்த்துக் கொடுத்துவிட்டான். இறால் கம்பெனியில் அவன் இரண்டாவது ஆனான். கோபப்படுவான், வீட்டுக்கு வர மாட்டான் என்று பார்த்தேன். அடுத்த நாளே காரைக் கொண்டுவந்து என் வேப்பமரத்தடியில் நிறுத்தினான்.

முதல் லைன் என்றால் என்ன என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. எது மெதுவாக ஓடினாலும் எனக்குத்தான் ஃபோன். அங்கே கரண்ட் போனாலும் எனக்குத்தான் ஃபோன். குளிக்கும்போது சோப்புப் போட்ட கையோடு ஃபோனை எடுக்கிறேன். செங்கல்பட்டில் அண்ணன் மகள் கல்யாணத்தில் தாலி கட்டுவதை நான் பார்க்கவில்லை, மண்டபத்துக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தேன். வருமானம் கூடியது, இல்லை என்று சொல்லவில்லை. மேற்கில் போன வீடுகளை அது ஈடுகட்டியது. என் தொழில் நின்றுபோகாமல் ஓடுகிறது என்றால் அந்த ஒரு லைனால்தான்.

ஆனால் சகலை இளைத்துப்போவான் என்று நினைத்தேன். பளபளவென்று ஆனான். இறால் கம்பெனியின் தொல்லை விட்டதும் அவனுக்குக் கை நிறைய நேரம். பில்டரோடு சுற்றினான். தோப்பில் கட்டுகிற குடில்கள் அத்தனைக்கும் லைன், கேமரா, வாசல் பூட்டு முதற்கொண்டு அவனே. மாமல்லபுரத்தில் அதே பில்டர் இன்னொரு இடம் பார்த்திருக்கிறாராம். அதுவும் அவனுக்குத்தானாம். சும்மா கிடக்கிற லைனுக்கு இறால் கம்பெனி காசு மாதா மாதம் வேறு வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பாடு. வஞ்சிரம் வாங்கியிருந்தார்கள். இரண்டு மாப்பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். மாமியார் மீன் தலையை எனக்கு வைத்தார். மூத்த மாப்பிள்ளைக்குத்தான் தலை. சகலை ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நிதானமாக முள் எடுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாத்த, ரெண்டாவதா இருக்கறது எவ்ளோ நிம்மதி. இவ்ளோ நாளா நீயே தனியா அனுபவிச்சிகினு கீற, எனுக்கு ஒரு வார்த்த சொன்னியா?"

மனைவியின் தங்கை சிரித்தாள். மாமனாரும் சிரித்தார். என் மனைவி மட்டும் என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறான் என்று தெரிந்தது. அதனால் இன்னும் சுருக்கென்றது. இரண்டாவதாக இருந்த காலத்தில் நான் ஒருநாள்கூட நிம்மதியாக இல்லை. அவன் போய் உட்கார்ந்த ஒரே மாதத்தில் அந்த இடம் சொர்க்கமாகிவிட்டது.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஃபோன் அடித்தது. இறால் கம்பெனி. குப்பத்தில் டிராக்டர் ஏதோ ஒயரை இழுத்துவிட்டதாம், சகலையுடைய லைனுக்கு மாறிவிட்டதாம். வேலை ஒன்றும் நிற்கவில்லை, மெதுவாக வந்தாலும் போதும் என்றாள் அந்தப் பெண்.

மெதுவாக எப்படிப் போவது? அவன் பெட்டி இப்போது சிமிட்டிக்கொண்டிருக்கும். நான் எழுந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார் மாமனார். கையைக் கழுவிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தேன். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். மாமியார் என் தட்டிலிருந்து நான் தொடாத மீன் தலையை எடுத்து அவன் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.